இடுக்கை அடைத்தவன் நான்தான்

தினா, இந்தக் கடிதத்தை நித்யாதான் உனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருப்பாள். உனக்குத் தமிழ் எழுத்து தெரியாது, எனக்கு வேறு எந்த எழுத்தும் தெரியாது. செகந்தராபாத்தில் பிறந்த பிள்ளைக்குத் தெலுங்கும் இங்கிலீஷும் போதும் என்று உன்னை அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவனும் நான்தான், ஐந்தாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவனும் நான்தான். ஆக அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் ஒரு திருச்சிக்காரி தேவைப்படுகிறாள். அம்மா நித்யா, என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். நடுவில் ஓர் இடத்தில் உனக்குப் படிக்கக் கஷ்டமாக இருக்கும். அங்கே நிறுத்தாதே. மாமனார் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எந்த வார்த்தையையும் விழுங்காதே. எழுதியிருப்பதை எழுதியபடி படி.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பாய். வாயால் சொல்லித்தான் பார்த்தேனே தினா. என் வாயை நம்புகிறவர் நம் லோத்குண்டா ஏரியாவில் ஒருவரும் இல்லை. உன் கல்யாணத்தன்று நித்யாவின் அப்பாவிடம், "மாப்பிள்ளைக்கு வலது காது கேக்காது சம்பந்தி, கொஞ்சம் சத்தமா பேசுங்க" என்று சொல்லிவைத்தேன். அவர் பாவம், இரண்டு நாள் உன் வலது காதருகே வந்து கத்திக் கத்திப் பேசினார். நீ எதற்கு இவர் இப்படிக் கத்துகிறார் என்று முழித்தாய். நான் மண்டபத்தின் தூணுக்குப் பின்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இப்படியே எழுபது வருடம் ஓட்டிவிட்டேன். இப்போது ஒரே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாயைத் திறந்தால் எல்லோரும் சிரிக்கிறீர்கள். காகிதத்தில் என்னால் கண்ணடிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது தினா. இந்த வாரம் முழுக்க சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை காலையில் நீயும் நித்யாவும் அவள் தங்கச்சி கல்யாணத்துக்கு உன் சிவப்புக் காரில் திருச்சி கிளம்புகிறீர்கள். அந்தக் காருக்கு வேகம் கூட்ட நீயே டர்போ மாட்டி, எஞ்சினிலிருந்து டர்போவுக்குப் புகை போகிற நாலு குழாயையும் நம் பாலாநகர் ஷெட்டில் நீயே வளைத்து, நீயே வெல்டிங் செய்திருக்கிறாய். போன வாரம் பானெட்டைத் திறந்து காட்டினாய். வெல்டிங் ஒவ்வொன்றும் காசு அடுக்கிவைத்தது போல இருந்தது. சத்தியமாக அவ்வளவு அழகாக நான் செய்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் மற்றதைப் பார்த்தேன். குழாய்கள் எஞ்சினில் உட்காருகிற அடி பிளேட் ஒரே துண்டு. மறுமுனையில் நாலும் டர்போவோடு சேர்த்து இறுக ஒட்டியிருக்கிறது. டர்போவைத் தாங்குகிற கம்பியும் இரண்டு பக்கமும் முடுக்கியிருக்கிறது. நகர்வதற்கு ஓர் இடம், ஒரே ஓர் இடம் இல்லை. நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "இந்தத் தடவ ஒரு முடி நுழையற இடுக்கு கூட இல்ல நைனா. ஃபுல்லா உங்க ஸ்டைல்."

என் ஸ்டைல் என்று சொன்னாயே, அன்றைக்குப் பிடித்த பயம்தான் இது.

ஞாயிற்றுக்கிழமை என்னை ஷாமீர்பேட் வரை அதில் கூட்டிக்கொண்டு போனாய். வண்டி பறந்தது, பொய் சொல்லக் கூடாது. ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு நீ டீ வாங்கப் போனபோது நான் பானெட் பக்கத்திலேயே நின்றேன். சூடான இரும்பு ஆறும்போது டிங் டிங் என்று சத்தம் வரும், அது சகஜம். அதற்கு நடுவில் ஒரு முறை 'டக்' என்று கேட்டது. ஆள் விரல் சொடுக்கினது போல. ஆறட்டும் என்று காத்திருந்து, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். மூன்றாவது குழாய் எஞ்சினில் உட்காருகிற இடத்தில், வெல்டிங்குக்கு ஒட்டினாற்போல, தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. கோட்டின் ஓரத்தில் கரி. உனக்குக் காட்டினேன். ஷெட்டுக்குப் போனதும் அதன்மேல் இன்னொரு வெல்டிங் போட்டு, தேய்த்து, "லீக் போச்சு நைனா, ஃபினிஷ்" என்றாய். அது லீக் இல்லை தினா. அந்த இரும்பு எங்கேயாவது போக இடம் தேடுகிறது. நீ ஒரு கதவை அடைத்தால் பக்கத்துக் கதவை உடைக்கும்.

திங்கட்கிழமை ஷெட்டில் சொல்லிப் பார்த்தேன்.

"தினா, ஒரு எடத்துலயாவது அது நகர வழி விடுடா."

"கைக்கு நைனா, எதுக்கு? வழி விட்டு ஒரு தடவ எரிஞ்சது போதாதா?"

"நான் சீரியஸா சொல்றேன்டா."

"ஹவ் ஹவ், ஆமாமா. நீங்க சீரியஸா சொல்லித்தான் என் மாமனாருக்கு நான் இன்னும் செவுடன்."

செவ்வாய்க்கிழமை நித்யாவிடம் போனேன். வீட்டில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஏதோ மீட்டிங்கில் இருந்தாள். "அம்மா, ட்ரெயின்ல போயிடுங்களேன், அந்த வண்டி வழியில வெடிக்கும்" என்றேன். அவள் காதிலிருந்த மெஷினைக் கழற்றிவிட்டு, "மாமா, உங்களுக்கும் எங்க கூட வரணும்னு ஆசைன்னா நேரா கேளுங்க. இப்படியெல்லாம் பயமுறுத்தாதீங்க" என்று என் கன்னத்தைத் தட்டினாள். நானும் என்ன செய்தேன்? பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். என்னால் அந்த இடத்தில்கூட முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள முடியவில்லை. உங்கள் இரண்டு பேர் மேலும் தப்பே இல்லை. வழி விட்டதால்தான் எரிந்தது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அது பொய். நித்யா, கஷ்டமான இடம் இதுதான். நிறுத்தாதே.

நாலு வருடத்துக்கு முன்னால் உன் சிநேகிதன் இம்ரானின் வெள்ளைக் காருக்கு நீ முதல் டர்போ மாட்டினாய். அன்று நீ செய்தது இப்போது இருப்பது போல இல்லை. நாலு குழாயின் முனையிலும் ஒரு ஸ்லீவ் வைத்திருந்தாய், அதாவது ஒரு குழாய் இன்னொரு குழாய்க்குள் நுழைந்து முன்னே பின்னே நகர்கிற மாதிரி. நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவுக்கு இடுக்கு. முதல் தடவை எஞ்சினைப் போட்டதும் அந்த இடுக்கு வழியாகக் கொஞ்சம் புகை வந்தது, 'சிக் சிக்' என்று சத்தமும் வந்தது. நீ பதறவில்லை. "சூடானா உள்குழாய் உப்பி மூடிக்கும் நைனா, சத்தமும் நின்னுடும்" என்றாய். நீ சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எண்ணெய் ஹோஸ் ஒன்று வாங்க ராணிகஞ்சுக்குக் கிளம்பிப் போனாய்.

அன்று வெள்ளிக்கிழமை. இம்ரானும் அவனோடு வந்த இரண்டு பேரும் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். போகிறவன் சும்மா போயிருக்கலாம். என்னைப் பார்த்து, "க்யா சாச்சா, லீக் இல்லாத கை, லீக் இல்லாத கைன்னு இத்தன வருஷமா பேசுறீங்க, உங்க பேட்டா தினாவோட பைப் விசில் அடிக்குதே!" என்றான். மூன்று பேரும் சிரித்தார்கள். ஊரெல்லாம் கேலி செய்கிறவன் நான், என்னை ஒருத்தன் கேலி செய்ததும் சுருக்கென்று குத்திவிட்டது. ஜீடிமெட்லாவில் எத்தனை மருந்துக் கம்பெனியில் நான் ஸ்டீம் குழாய் போட்டிருக்கிறேன், சோப்புத் தண்ணீர் ஊற்றிச் சோதித்தால் ஒரு நுரைகூட வராது. எனக்கு இருந்த பெயர் அது ஒன்றுதான். அவர்கள் போனதும் அந்த நாலு குழாயையும் கழற்றி, வைஸில் பிடித்து, நாலு ஸ்லீவையும் சுற்றிலும் வெல்டிங் போட்டு அடைத்தேன். தேய்த்து வழவழப்பாக்கினேன். அதன்மேல் நீ சுற்ற வைத்திருந்த சூடு தாங்குகிற நாடாவை, வெல்டிங் வெளியே தெரியாதபடி நானே சுற்றினேன். திரும்ப மாட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் போல உட்கார்ந்திருந்தேன்.

நீ வந்து எஞ்சினைப் போட்டாய். சத்தம் இல்லை, புகை இல்லை. "பாத்தீங்களா நைனா, செட் ஆயிடுச்சு!" என்று என்னைக் கட்டிப்பிடித்தாய். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு முட்டியது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும் இதைப் போட்டு உடைத்து உன் மூக்கை அறுக்கலாம் என்று வைத்துக்கொண்டேன். அந்த ஞாயிறு இம்ரான் வரவில்லை. அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று விட்டேன்.

அடுத்த ஞாயிறுக்கு முன்னாலேயே மேட்சல் ரோட்டில் இம்ரான் வண்டி பற்றிக்கொண்டது. குழாய் எஞ்சினில் உட்காருகிற இடத்தில் முறிந்து, உள்ளே இருந்த நெருப்பு நேராகப் பெட்ரோல் ஹோஸ்மேல் அடித்திருக்கிறது. அவன் வெளியே குதித்துவிட்டான், ஆனால் இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. நீ ஆஸ்பத்திரிக்கு ஓடினாய். வண்டியை ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள், அப்போது அங்கே நான் மட்டும் இருந்தேன். நாடாவைப் பிரித்துப் பார்த்தேன். நான் போட்ட நாலு வெல்டிங்கும் அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. அதுதான் தினா, அதுதான் கொடுமை. என் கை அவ்வளவு கெட்டி. அது விட்டுக்கொடுக்காததால்தான் குழாய் முறிந்தது.

நீ வருவதற்குள் கிரைண்டரை எடுத்து அதைத் துண்டு துண்டாக வெட்டி, பழைய இரும்போடு கலந்து, இரும்பு வாங்குகிறவனை வரச்சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு துண்டு விடாமல் வெட்டினேன். சாயங்காலம் நீ வந்து, "எங்க நைனா அது?" என்று கேட்டாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்: "எரிஞ்ச இரும்பப் பாத்து என்ன பண்ணப்போற? நீ இடுக்கு விட்ட எடத்துலதான் வாய் பொளந்திருந்துது." நீ ஸ்டூலில் உட்கார்ந்தாய். இரும்பு விஷயத்தில் நான் பொய் சொல்லுவேன் என்று உனக்குத் தோன்றவே இல்லை. எதில் வேண்டுமானாலும் விளையாடுவார், இதில் விளையாட மாட்டார் என்று நம்பினாய். திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போய், "என் தப்புதான்" என்று இம்ரான் முன்னால் நின்றிருக்கிறாய். அவன் அப்பா உன்னை இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்ட இரண்டு பேர், நாலு வருடமாகப் பேசவில்லை. மூன்று வருடம் நீ டர்போ பக்கமே போகாமல் இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்துகொண்டிருந்தாய். நான் உன் பக்கத்து டேபிளில் உட்கார்ந்து ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். அப்புறம் உனக்குக் கல்யாணம், நல்ல நேரத்தில் எதற்கு என்று தள்ளினேன். அப்புறம் மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். நீ மறக்கவில்லை. என் பொய்யைப் பாடமாகப் படித்து, அதையே இரும்பில் செய்து, அதில் உன் பெண்டாட்டியை உட்காரவைத்து ஒரு நாள் முழுக்க ஓட்டப்போகிறாய். இம்ரான் வண்டியில் குழாய் முறியச் சில நாள் பிடித்தது. இது நெடுஞ்சாலை, நிற்காமல் ஓட்டுவாய், ஏசி ஓடும், வெயில் இருக்கும். எந்த ஊர்ப் பக்கத்தில் 'டக்' என்று கேட்கும் என்று நான் இங்கே உட்கார்ந்து மேப் பார்க்க முடியாது.

ஜீடிமெட்லாவில் ஸ்டீம் லைன் போடும்போது, நேராகப் போகிற குழாயை நடுவில் வேண்டுமென்றே வளைத்து ஒரு 'யு' போடுவோம். சின்ன வயதில் நீ சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவந்தபோது, "கைக்கு நைனா நேரா போகாம சுத்திப் போகுது?" என்று கேட்டிருக்கிறாய். "குழாய்க்குச் சோம்பல் முறிக்க எடம்" என்று சொன்னேன். கேலி இல்லை, அதுதான் நிஜம். சூடானால் நீளும், நீளுவதை அந்த வளைவு வாங்கிக்கொள்ளும். ஸ்டீமுக்கே அப்படி என்றால், உன் குழாய் செக்கச் செவேலென்று காய்கிறது. ஒன்றரை அடி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அந்தச் சூட்டில் ஒரு அரிசி நீளம் வளரும். நாலு குழாயும் ஒரே நீளமில்லை, ஒன்று அதிகம் வளரும், ஒன்று குறைவாக வளரும். அவற்றை இரண்டு முனையிலும் கட்டிப்போடுவது நாலு சம்பந்திகளை ஒரே கட்டிலில் படுக்கவைப்பது மாதிரி. யாராவது ஒருத்தர் எலும்பு உடையும். தெரிந்தே இத்தனை வருடம் 'யு' போட்டவன், ஒரு கேலிக்காக அதை உன் வேலையில் மறந்தேன்.

அதனால் நீ முதலில் செய்தாயே, அதையே செய். அந்த அடி பிளேட்டை ஒவ்வொரு குழாய்க்கும் நடுவில் ரம்பத்தால் அறுத்துவிடு, அவை தனித்தனியாக நகரட்டும். டர்போ பக்கம் ஸ்லீவ் வை, உன் பழைய இடுக்கு அளவு சரியாகத்தான் இருந்தது, அதைக் குறைக்காதே. முதலில் சத்தம் வரும், யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். டர்போவைத் தாங்குகிற கம்பியை ஒரு பக்கம் மட்டும் முடுக்கு, மறுபக்கம் ஓட்டையை நீளமாக்கு. எடையைத் தாங்கினால் போதும், கையைப் பிடித்து நிறுத்தக் கூடாது. டர்போவுக்குப் பின்னால் ஒரு பெல்லோஸ் போடு, மடிப்பு மடிப்பாக நீண்டு சுருங்குமே, அந்தக் குழாய். எண்ணெய் ஹோஸைத் தொங்கலாக விடு, இழுத்துக் கட்டாதே. பெட்ரோல் ஹோஸை அந்தப் பக்கமே கொண்டுவராதே. மேலே வெல்டிங் போட்ட அந்த மூன்றாவது குழாயைத் தூக்கிப் போடு, அது போனதுதான். இரண்டு நாளில் இவ்வளவும் முடியாது. முடியாவிட்டால் ட்ரெயினில் போங்கள். தட்கால் கிடைக்காவிட்டால் பஸ்ஸில் போங்கள்.

நேற்று மத்தியானம் ஷெட்டில் யாரும் இல்லை. கிரைண்டரைக் கையில் எடுத்தேன். நாலையும் வெட்டிவிட்டால் இந்தக் கடிதமே வேண்டாம் என்று தோன்றியது. பானெட்டைத் திறந்துகூட விட்டேன். அப்புறம் மூடிவிட்டேன். உனக்குத் தெரியாமல் உன் வேலைமேல் நான் ஒரு முறை கை வைத்ததே போதும். இதை உன் கைதான் வெட்ட வேண்டும், ஏன் வெட்டுகிறாய் என்று தெரிந்து வெட்ட வேண்டும்.

இதைக் கொடுத்துவிட்டு நான் போயின்பல்லிக்குப் போகிறேன், இம்ரான் வீட்டுக்கு. அவன் அப்பா கதவைத் திறப்பாரா தெரியாது. திறந்தால் என்ன சொல்லுவேன் என்றும் தெரியாது. அவன் இடது கையைப் பார்க்கத்தான் எனக்குத் துணிவில்லை. ஆனாலும் இன்றே போகாவிட்டால் நாளைக்கு என்று மறுபடி ஆரம்பித்துவிடுவேன். நான் திரும்பி வந்ததும் நீ கத்தலாம், ஷெட்டுக்கு வராதே என்று சொல்லலாம், பேசாமலே இருந்துவிடலாம். எதுவாக இருந்தாலும் அதற்கெல்லாம் நாள் இருக்கிறது. இந்த வண்டிக்கு இல்லை. என்னோடு பேசிவிட்டுத்தான் வெட்ட வேண்டும் என்றில்லை, பேசாமலே வெட்டு.

நித்யா, இனி வருவது உனக்கு மட்டும், அவனுக்குக் கேட்டாலும் பரவாயில்லை. சாயங்காலம் நான் வீட்டுக்கு வருவேன். உங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததும் எனக்குத் தைரியம் போய்விடும், என்னை எனக்குத் தெரியும். 'எல்லாம் சும்மா விளையாட்டுக்கு எழுதினேன், நல்லா ஏமாந்தீங்களா' என்று இளித்துக்கொண்டு சொன்னாலும் சொல்லுவேன். அப்போது என்னை நம்பாதே. அந்த நாலு குழாயையும் அவன் அறுத்து உன் கண்ணால் பார்க்கிற வரை அந்த வண்டியில் ஏறாதே.